சாட்சியும் நாள்காட்டியும்

ஜெபத்தால் நோய் தீரும் என்று காட்டிய ஒரு டி.வி. நிகழ்ச்சியை என் அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கம்பியை இழுத்தவன் நான்தான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றைச் சொல்ல வேண்டும்.

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் 1994 முதல் 14 ஆண்டுகள் நான் கேபிள் டி.வி. நடத்தினேன். கேரள எல்லையோரம் என்பதால் ஒரே வீட்டில் மாமியாருக்கு ஏஷ்யாநெட்டும் மருமகளுக்கு சன் டி.வி.யும் வேண்டும். தென்னையிலிருந்து தென்னைக்குக் கம்பி கட்டி, துலாமழைக் காலத்து இடியில் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகும்போதெல்லாம் கடன் வாங்கி மாற்றி, ஏறக்குறைய 400 இணைப்புகளைக் காப்பாற்றி வந்தேன். மாதச் சந்தாவை மட்டும் நம்பி அந்தத் தொழில் நிற்காது. ஆகவே அக்காலத்தில் பலரும் செய்ததையே நானும் செய்தேன். ஒரு வி.சி.ஆர். வைத்து உள்ளூர்ச் சேனல் நடத்தி, அதில் நேரத்தை விற்றேன். நகைக்கடைகளையும் டியூட்டோரியல்களையும் விடத் தவறாமல் பணம் தந்தவர்கள், சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தும் ஊழியக்காரர்கள். அவர்களில் ஒருவர் ஞாயிறு காலை அரை மணி நேரத்துக்கு மாதம் 1,500 ரூபாய் தந்தார். அதை நான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாங்கினேன்.

பார்க்கிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே விளக்க வேண்டும். பெரிய சேனல்களிலும் காலை வேளையில் வரும் சமய நிகழ்ச்சிகள் பல, அந்தச் சேனல் தேர்ந்தெடுத்து, உண்மையா என்று சரிபார்த்து ஒளிபரப்புகிறவை அல்ல. நடத்துகிறவரே நேரத்தை விலைக்கு வாங்கி, தம் ஆட்களைக் கொண்டே படம் பிடித்து, தமக்கு வேண்டியபடி வெட்டித் தொகுத்துக் கொடுப்பவை அவை. வணிக முறையில் பார்த்தால் சோப்பு விளம்பரத்துக்கும் அவற்றுக்கும் வேறுபாடு கிடையாது. ஆனால் சோப்பு விளம்பரத்தை விளம்பரம் என்று அறிந்து பார்க்கும் என் அக்கா, ஞாயிறு காலை நிகழ்ச்சியை 'டி.வி.யிலேயே காட்டினதாக்கும்' என்று சொல்லி நம்பினாள். அந்த ஒரு சொல்லின் எடைக்காகத்தான் அவர்கள் எனக்குப் பணம் தந்தார்கள் என்பதை நான் அன்றே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

புரிந்துகொள்ள வாய்ப்பும் கிடைத்தது. 2001-இன் இறுதியில் ஒருமுறை, வழக்கமான 28 நிமிடக் கேசட்டுக்குப் பதிலாக, வெட்டப்படாத மூன்று மணி நேர மூலக் கேசட்டை அவருடைய ஆட்கள் தவறுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ட்ரோல் ரூமில் தனியாக உட்கார்ந்து அதை முழுவதும் பார்த்தேன். கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. நுழைவாயிலில் நின்ற தொண்டர்கள், வருகிறவர்களிடம் பெயர், ஊர், நோய், வீட்டுப் பிரச்சினை ஆகியவற்றைக் கேட்டு ஜெபக் குறிப்புச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டுகளை மேடைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பிறகு ஊழியக்காரர் கண்ணை மூடி, 'இன்ன ஊரிலிருந்து வந்திருக்கும் சகோதரி, உங்கள் முதுகுவலியை ஆண்டவர் காண்கிறார்' என்று பெயர் சொல்லி அழைத்தபோது, அந்த அம்மாள் நடுங்கிப் போய் எழுந்து நின்றாள். வலி போய்விட்டதா என்று ஒரு முதியவரிடம் மூன்று முறை கேட்கப்பட்டது. முதல் இரண்டு முறையும் 'இல்லை, இருக்குது' என்றார். மூன்றாவது முறை, ஆயிரக்கணக்கானோர் கைதட்டிக்கொண்டிருக்கையில், மெல்லத் தலையாட்டினார். மறுநாள் வந்த சரியான கேசட்டில் அந்தத் தலையாட்டல் மட்டும்தான் இருந்தது. ஜெபத்துக்குப் பின்பும் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் எவரும் அதில் இல்லை.

அந்த ஊழியக்காரர் தெரிந்தே ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. மேடையில் கண்ணீர் விட்டபோது அவர் நடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தம் கூட்டத்தில் நடப்பதைத் தாமே 28 நிமிடத் தொகுப்பாகப் பார்த்துப் பார்த்து, அவரும் நம்பியிருக்கக்கூடும். ஆனால் இரண்டு கேசட்டுகளையும் பார்த்த நான் நம்பவில்லை. நம்பாமலிருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெட்டிய கேசட்டை ஓட்டினேன். அந்த மாதம் ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியிருந்தது.

இதே முறை கடல் கடந்தும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்ற டி.வி. பிரசங்கியார், முன்பின் அறியாதவர்களின் பெயரையும் நோயையும் வீட்டு முகவரியையும் கூட மேடையில் சொல்லிப் புகழ் பெற்றார். 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரரும் அவருடைய நண்பர்களும் ரேடியோ ஸ்கேனருடன் அரங்கத்துக்குச் சென்று, 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போப்பாஃபின் மனைவி, ஜெபச் சீட்டுகளில் எழுதியிருந்ததைப் பார்த்து அவருடைய காதுக் கருவிக்குள் சொல்லிக்கொடுத்ததைப் பதிவு செய்தார்கள். அது நாடறிய ஒளிபரப்பானது. மறு ஆண்டு அவர் திவாலானார். அலைவரிசையும் சிக்னலும் என் தொழில் என்பதால் இந்தச் செய்தி என்னைப் பெரிதும் கவர்ந்தது. உண்மையை அம்பலப்படுத்தினால் போதும், மக்கள் விலகிவிடுவார்கள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அதே போப்பாஃப் சில ஆண்டுகளில் மீண்டும் டி.வி.க்கு வந்து, 'அற்புத ஊற்றுத் தண்ணீர்' அனுப்பிவைத்துக் காணிக்கை வாங்கினார் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

அக்காவின் மகனுக்கு 11 வயதில், 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முதல் வலிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வலிப்பு என்றால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். பேய் என்று சொல்லிக் கயிறு கட்டுவார்கள். இதில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வேறுபாடு இல்லை. தமிழ் வேதாகமத்தில் 'சந்திரரோகி' என்று சொல்லப்படும் பையனின் கதையைப் பிரசங்கிமார் அடிக்கடி எடுத்துப் பேசுவதால், பிசாசின் வேலை என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருந்தது. அந்த ஆண்டு முழுவதும் சாவியும் கயிறுமாகக் கழிந்தது. 2001 ஜனவரியில்தான் நான் வற்புறுத்தித் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனேன். மாத்திரை தொடங்கினார்கள். பையன் 17 மாதங்கள் வலிப்பின்றி இருந்தான்.

2002 ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் பால்வெட்டு கிடையாது. பால்வெட்டு இல்லாவிட்டால் வெட்டுத் தொழிலாளியான அத்தானுக்குக் கூலி கிடையாது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் ரப்பர் விலை கிலோவுக்கு 30 ரூபாயைச் சுற்றியே கிடந்ததால் வீட்டில் சேமிப்பும் இல்லை. இலவசமாகத் தரும் இடத்தில் அந்த மாதம் மாத்திரை இருப்பில்லை. வெளியே வாங்கப் பணமில்லாமல் பத்து நாள் மாத்திரை விட்டுப்போயிற்று. பதினோராவது நாள் வலிப்பு வந்தது. 'மாத்திரை தின்னும் வந்துட்டே' என்று அக்கா அழுதாள். தின்னாததால் வந்தது என்று சொல்ல அப்போது அங்கே யாரும் இல்லை. என்னிடம் பணம் கேட்க அவளுக்குக் கூச்சம்.

ஜூலை நடுவில் அவள் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனாள். நான் ஒளிபரப்பிய நிகழ்ச்சியின் கீழே ஓடிய அறிவிப்பைப் பார்த்துத்தான் போனாள். மேடையில் பையனின் தலையில் கைவைத்து, கட்டு அவிழ்ந்தது என்றார்கள். விசுவாசத்தின் அடையாளமாக மாத்திரைப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். நாற்பது நாள் கழித்து அவள் மைக்கின் முன் நின்று சாட்சி சொன்னாள். அந்தச் சாட்சியும் கேசட்டாகி என்னிடமே வந்தது. என் அக்காவின் முகம் என் சொந்த மானிட்டரில் ஓடிக்கொண்டிருக்க, 'எனக்க பிள்ளைக்கு சொகமாயிட்டு' என்ற அவளுடைய குரலை 400 வீடுகளுக்கு அனுப்பினேன்.

செப்டம்பரில் குழித்துறை ஆற்றில் அக்காவும் அத்தானும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவள் கம்மலைக் கழற்றினாள், பொட்டை விட்டாள். அதன் பிறகுதான் எங்கள் உறவினர்களுக்குக் கோபம் வந்தது. சித்தப்பா வீடேறிச் சண்டையிட்டார். அக்டோபர் 5-ஆம் தேதி தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தது. பலவந்தம், ஆசைகாட்டுதல், மோசடி ஆகியவற்றால் மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை, பெண்களையோ சிறாரையோ பட்டியல் சாதியினரையோ மாற்றினால் நான்கு ஆண்டு வரை. டீக்கடையில் ஒரு பக்கம் இந்தச் சட்டத்தைக் கொண்டாடினார்கள், மறுபக்கம் பிரார்த்தனைக் கூடங்களில் இதற்கு எதிராக உபவாசம் இருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்த அத்தனை வாக்குவாதத்திலும், பையன் மாத்திரை சாப்பிடுகிறானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். நான் கேட்காததற்குக் காரணம், கேட்டால் அந்த மூலக் கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அச்சம்தான்.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு வலிப்பு வந்து நிற்கவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. ஒரு ஜீப்பில் போட்டுக்கொண்டு பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஓடினோம். முக்கால் மணி நேரமும் அவன் நினைவு திரும்பவில்லை. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் ஊசி போட்டுவிட்டு, 'ஆரா மருந்நு நிர்த்தியது?' என்று கேட்டார். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது, எந்த வலிப்புக்காக மாத்திரை கொடுக்கப்பட்டதோ அதைவிடக் கொடிய தொடர்வலிப்பைக் கொண்டுவரக்கூடும் என்றார். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அது உயிருக்கு ஆபத்தான அவசரநிலை என்பதையும், அந்த நேரத்தில் வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் எங்கள் குடும்பம் கற்றது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். பிழைத்தான். ஒரு பள்ளி ஆண்டு போயிற்று.

வீடு திரும்பியதும் நான் அந்த நிகழ்ச்சியை நிறுத்தினேன். பிறகு அக்காவை உட்கார வைத்து மூலக் கேசட்டைப் பற்றிச் சொன்னேன். சீட்டு எழுதுவது, மேடைக்குப் பின்னால் போவது, முதியவர் 'இருக்குது' என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். போப்பாஃபின் கதையையும் சொன்னேன். திருவல்லாவில் பாதிரியாரின் மகனாகப் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஏப்ரகாம் கோவூர், சோதனைக்கு உட்பட்டு ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டதையும், 1978-இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வெல்லாததையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, 'தேவ மனுஷனைப் பத்தி அப்படிப் பேசாதே மக்கா. எனக்க விசுவாசம் கொறஞ்சு போச்சு, அதுதான் பிள்ளைக்கு வந்துட்டு' என்றாள். பையனுக்கு நேர்ந்ததற்கும் தானே குற்றவாளி என்று அவள் முடிவு செய்திருந்தாள். இந்த முறையில் மிகக் கொடியது இதுவென்றே நான் இன்றும் கருதுகிறேன். குணமானால் ஊழியக்காரரின் அபிஷேகம், குணமாகாவிட்டால் தாயின் அவிசுவாசம். எந்த முடிவு வந்தாலும் பொய்யாக முடியாத ஒரு கூற்றின் முன் அம்பலப்படுத்தல் பயன்படாது.

பயன்பட்டது வேறொன்று. பால்வெட்டுத் தொழிலாளர் பலரையும் போல அத்தானும் அன்றன்றைய பால் அளவைச் சுவரிலிருக்கும் மாதக் காலண்டரில் எழுதுவார். வெட்டுக்குப் போகாத நாளில் காரணத்தையும் ஓரிரு சொல்லில் குறித்துவைப்பார்: மழை, சாவு வீடு, பிள்ளைக்கு வலிப்பு. பழைய காலண்டர்கள் பரண்மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மருத்துவர் வலிப்பு வந்த நாட்களைக் கேட்டிருந்ததால், அவற்றை எடுத்து நானும் அக்காவும் தரையில் விரித்து எண்ணினோம். 2000-இல், மாத்திரையும் இல்லை, கூட்டமும் இல்லை என்ற நிலையில், வலிப்புகளுக்கு இடையிலான நாட்கள் 34, 91, 60 என்று இருந்தன. மாத்திரை தின்ற 17 மாதமும் ஒன்றும் இல்லை. கைவைத்து ஜெபித்த நாளிலிருந்து அந்த இரவு வரை 86 நாள்.

அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கூட்டுறவுச் சங்கத்தில் பால் கணக்குப் பார்ப்பவள். 91-ஐயும் 86-ஐயும் அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஜெபிக்காத காலத்தில்கூட அவன் 91 நாள் நன்றாக இருந்திருக்கிறான் என்பதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். வலிப்பு என்பது விட்டு விட்டு வருவது; வந்தவுடனே கலங்கிப்போய்க் கூட்டத்துக்கு ஓடுகிறோம்; அதன்பின் இயல்பாக வரும் இடைவெளியில் மேடையேறிச் சாட்சி சொல்கிறோம்; இடைவெளி முடிந்தபின் நம்மைத் தேடி யாரும் கேமராவோடு வருவதில்லை. முதுகுவலி, மூட்டுவலி, ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி என்று ஏறி இறங்கும் நோய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அன்று மாலையே அவள் மாத்திரைக்கான பெட்டி ஒன்றை வாங்கி வரச் சொன்னாள்.

அதற்காக அவள் சபையை விடவில்லை. விட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. இதை எழுதாவிட்டால் நான் எழுதுவது பாதி உண்மையாகிவிடும்: ஞானஸ்நானத்துக்குப் பிறகு அத்தான் சாராயத்தைத் தொடவில்லை, இன்றுவரை. 15 ஆண்டுகள் நாங்கள் கெஞ்சியும் நடக்காதது அது. வாரத்தில் இரண்டு நாள் அவள் வயதுப் பெண்கள் பத்துப் பேர் அவளோடு உட்கார்ந்து, அவள் கஷ்டத்தைக் கேட்டு, பாடி, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். கேபிள்காரத் தம்பியால் அவளுக்கு அதைத் தர முடிந்ததில்லை. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இளமையில் பாறசாலையில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் பரப்பும் அமைப்பின் கலா ஜாதாவை, அதாவது கலைப் பயணத்தை, பார்த்ததிலிருந்து அப்படித்தான். ஆனாலும் மனிதர்கள் மதம் மாறுவதை மோசடி என்றோ மடமை என்றோ ஒட்டுமொத்தமாகத் தள்ள என் ஊரின் வரலாறு என்னை விடவில்லை.

எங்கள் குடும்பமே இரண்டு மதங்களாகக் கிடப்பது. தாத்தாவின் தாத்தா ஒருவர் லண்டன் மிஷன் சபையில் சேர்ந்தார். அவருடைய தம்பி பத்ரகாளி கோயிலுக்கே போய்க்கொண்டிருந்தார். அந்த மூத்தவர் ஏன் சேர்ந்தார் என்பதை அறிய அற்புதங்களைத் தேட வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் எங்கள் சாதிப் பெண்கள் மார்பை மறைக்கவும் உரிமை இல்லாதிருந்தனர். மயிலாடியில் லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே 1809-இல் கட்டிய ஆலயத்திலிருந்து தொடங்கிய இயக்கத்தில் சேர்ந்தவர்கள் சட்டை போட்டார்கள், அதற்காக அடிபட்டார்கள், தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் விட்டுவிட்டு நடந்து, 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனத்தில் முடிந்தது. அதே காலத்தில் மதம் மாறாமலேயே அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னார். நெய்யூரில் 1838-இல் மிஷன் மருத்துவமனை வந்தது. 1922-இல் எவரெஸ்ட் மலையேறும் குழுவில் வந்த ஹோவர்ட் சோமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூருக்கு வந்து, அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும் அவர்களைப் பார்க்கப் போதிய மருத்துவர் இல்லாததையும் கண்டு, இங்கிலாந்தில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, பிறகு இங்கே வந்து நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்தார். அவரும் ஜெபித்தவர்தான். ஜெபித்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார். என் பாட்டியின் குடலிறக்கத்தை நெய்யூரில்தான் சரிசெய்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மருத்துவமனையைப் பார்த்த ஊரில் பிறந்த ஒருத்தியிடம், ஆண்டவரின் பெயரால் மாத்திரையைப் போட்டுவிட்டு வா என்று சொல்லப்பட்டதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

சட்டத்தால் இதைத் தீர்க்கலாம் என்பவர்களிடமும் எனக்கு மாறுபாடு உண்டு. அந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அது இருந்த காலத்தில் அதனால் என் அக்காவுக்கு ஒரு பயனும் இல்லை. அவளை எவரும் பலவந்தப்படுத்தவில்லை, அரிசியோ பணமோ கொடுக்கவில்லை. மாறாக அவள்தான் மாதம் 200 ரூபாய் பங்காளர் காணிக்கை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு மனிதர் எந்தச் சபையில் சேர்ந்தார் என்பதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வைக்கும் சட்டம், 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மதக் கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் கண்ட எங்கள் மாவட்டத்தில், பக்கத்து வீட்டாரைப் பக்கத்து வீட்டார் வேவு பார்க்கவே உதவும். அதற்கு மாறாக, பயன்படுத்தப்படாமல் கிடக்கும் வேறு சட்டங்கள் இருக்கின்றன. மந்திரம், தாயத்து போன்றவற்றால் நோய் தீரும் என்ற விளம்பரங்களைத் தடை செய்யும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் வலிப்பு நோய் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. கேபிள் டி.வி.க்கான நிகழ்ச்சி விதிகள் மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் எதையும் ஒளிபரப்பக் கூடாது என்கின்றன. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொண்ட கேபிள்காரன் நான். அந்த விதியை அதுவரை நான் படித்ததில்லை.

மதம் மாற எண்ணுகிறவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. எங்கள் தெருவின் முனையிலிருந்த ஒரு பட்டியல் சாதிக் குடும்பம் அக்காவின் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்றது. மூன்று ஆண்டு கழித்து மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோதுதான், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே பட்டியல் சாதித் தகுதி உண்டு என்பதும், கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. ஞானஸ்நானம் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீட்டு என்பது தண்ணீரில் முங்கியதும் போய்விடுவதில்லை என்பதால் அந்த ஆணையை நான் நியாயமானதாகக் கருதவில்லை; ஆனாலும் அது நடைமுறையில் இருக்கும்வரை, சேர்கிறவர் தெரிந்து சேர வேண்டும், சேர்க்கிறவர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இப்படிப்பட்ட நிலையிலுள்ள குடும்பங்கள் என்னிடம் வரும்போது நான் கடவுளைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டச் சொல்கிறேன். எண்ணிப் பார்த்தால் எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்பது தெரிந்துவிடும். விட்டுப்போயிருந்தால் ஏன் என்று கோபமின்றிக் கேட்கிறேன்; பத்தில் ஏழு முறை விசுவாசத்துக்கு முன்னால் பணமின்மையும், மருந்து கிடைக்காததும், ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்னும் சலிப்பும்தான் காரணமாக இருந்திருக்கின்றன. வலிப்புள்ளவர்களில் எழுபது சதவீதம் வரை முறையான மருந்தால் வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைச் சொல்கிறேன். அப்புறம் ஒரு காலண்டர் வைக்கச் சொல்கிறேன். யாரோ அனுப்பிய சாட்சி எதையேனும் காட்டினால், நோய்க்கு மருத்துவர் வைத்த பெயர் என்ன, முன்பு எடுத்த பரிசோதனைத் தாள் எங்கே, பின்பு எடுத்தது எங்கே, ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்ற நான்கையும் அனுப்பியவரிடமே கேட்கச் சொல்கிறேன். காணிக்கை அனுப்புகிறவர்களிடம், எந்த அறக்கட்டளையின் பெயரில் ரசீது வருகிறது என்பதைப் பார்த்து ரசீதைச் சேர்த்து வைக்கச் சொல்கிறேன். வருட முடிவில் கூட்டிப் பார்த்தவர்கள் சிலர் தாங்களாகவே நிறுத்தியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது, அக்கா போகும் சிறு சபையின் பாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசியது. அவர் முன்பு கொத்தனாராக இருந்தவர். டி.வி. ஊழியக்காரரை எவரும் அணுக முடியாது. தம்மிடம் வந்தவர் ஊர் திரும்பி என்ன ஆனார் என்று அவர் அறிவதும் இல்லை. இவரோ ஒவ்வொரு வாரமும் பையனின் முகத்தைப் பார்க்கிறவர். அன்று ஜீப்பின் பின்னால் பைக்கில் மருத்துவமனை வரை வந்தவர். நான் காலண்டர் கணக்கை எடுத்துச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிணியாளிக்கே வைத்தியன் வேண்டும் என்று இயேசு சொன்ன இடம் மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தில் இருப்பதாகச் சொன்னார். அந்த ஞாயிறு முதல், நோயாளிகளுக்காக ஜெபித்து முடித்ததும், டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். நான் ஆண்டுக்கணக்கில் பேசியிருந்தாலும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அறுபது பேர் என்னிடமிருந்து அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பையன் இப்போது மார்த்தாண்டத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். பல ஆண்டுகள் வலிப்பின்றி இருந்தபின், மருத்துவர் ஒருவரே மாத்திரையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஒருமுறை குறைத்தபோது மீண்டும் வந்ததால், சிறிய அளவில் இன்றும் இரவு ஒன்று சாப்பிடுகிறான். கேபிள் தொழில் என்னைவிட்டுப் போய்விட்டது. கம்பி போன இடத்தில் போன் வந்திருக்கிறது. சுகமளிக்கும் கூட்டங்கள் இப்போது நேரலையில் ஒவ்வொருவர் உள்ளங்கைக்கும் வருகின்றன, காணிக்கைக்குக் கியூஆர் கோடும் சேர்ந்தே வருகிறது. வயதான பெண்கள் அவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் அக்கா அப்படி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். கிட்னி கெட்டுப்போன ஒரு பெண் டயாலிசிஸை நிறுத்திவிட்டுச் சுகமாகிவிட்டதாக அதில் சாட்சி சொன்னாள். நான் கலங்கிப்போய் உடனே அக்காவை அழைத்தேன். அவள், 'நான் அந்தக் குரூப்பிலேயே கேட்டுட்டேன் மக்கா, கிரியாட்டினின் ரிப்போர்ட் இருக்கான்னு. மூணு நாளாச்சு, ஒருத்தரும் பதில் போடல்ல' என்றாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாதாம், காலையில் சபைக்குக் கொண்டுவிட முடியுமா என்று கேட்டாள்.